போன் இரையாத காலைகள்

திண்டுக்கல்லில் பழனி சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் பதினோரு வருஷமாக ரிசப்ஷனில் உட்காருகிறேன். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகும் எங்கள் ஆஸ்பத்திரி இன்டர்காமில்தான் ஓடுகிறது. வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு, ஸ்கேன் அறையிலிருந்து டாக்டரம்மாவுக்கு, எதிர்க் கட்டடத்தில் இருக்கும் மருந்துக்கடைக்கு என்று உள்ளுக்குள் பேசுவதானாலும், வெளியிலிருந்து வருவதானாலும் எந்தப் போனும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கான பெட்டி என் நாற்காலிக்கு நேர் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பல வருஷம் நான் யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது ஒரு சித்திரை மாதத்து மழை. சாயங்காலம் நான்கு மணிக்கு மலைக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்து, மழைக்கு முன்னாலேயே இடி விழுந்தது. விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தது. பிறகு பார்த்தால் மருந்துக்கடைக்கும் மூன்று அறைகளுக்கும் போன் போகவில்லை. மறுநாள் போன் கம்பெனியின் டெக்னீஷியன் மதுரையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்து கருகிய சர்க்யூட் கார்டு ஒன்றைக் கழற்றிக் காட்டினார். அப்படி எரிவது அது மூன்றாவது முறை.

"ஏன் நம்ம பெட்டி மட்டும் எரியுது? கம்ப்யூட்டர், டிவி எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"இடின்னா அப்படித்தான் மேடம்" என்றார் அவர். புது கார்டைச் செருகிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆனாலும் வேலை இருந்தது, விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மதியம் ஃபைல் எடுக்கத் திரும்பியபோது என் முழங்கை பெட்டியில் பட்டது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம். வெறுங்காலில் கிரானைட் தரை. பிரமையாக இருக்கும் என்று நினைத்துப் புறங்கையால் இன்னொரு முறை தொட்டேன். மறுபடியும் எறும்பு. அன்றிலிருந்துதான் ரிசீவரிலும் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி.

மறுநாள் காலையில் பக்கத்து மேசை நர்ஸைக் கூப்பிட்டு, "இங்க தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் தொட்டார். ஒன்றுமில்லை. நானும் தொட்டேன். ஒன்றுமில்லை. போனை எடுத்துக் கேட்டால் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். "செருப்புப் போட்டுக்கங்க மேடம். பெட்டியத் தொடாதீங்க" என்றார். அதைக் கேட்டு வீட்டில் கிடந்த ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். அறிவுரை சரிதான். ஆனால் காலையில் இல்லாத எறும்பு மதியம் எங்கிருந்து வருகிறது என்று அதில் பதில் இல்லை.

இரைச்சலால் வந்த கூத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மதியம் வார்டிலிருந்து நர்ஸ் ஏழாம் நம்பர் அறைக்கு, ஸ்கேனுக்குப் போக வீல்சேர் கேட்டார். வண்டுச் சத்தத்தில் எனக்கு எட்டு என்று விழுந்தது. எட்டாம் நம்பரில் இருந்தவர் அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்கும் ஒரு பெரியவர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். வீல்சேரைப் பார்த்ததும் மறுபேச்சு பேசாமல் ஏறி உட்கார்ந்து ஸ்கேன் அறை வரைக்கும் போய்விட்டார். "நல்லாத்தானே இருக்கீங்க, ஏன் வந்தீங்க?" என்று ஸ்கேன் பெண் கேட்டதற்கு, "வண்டி அனுப்புனாக, வந்தேன். ஆஸ்பத்திரியில நாம கேள்வி கேக்கலாமா?" என்றாராம். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஏழும் எட்டும் அறை நம்பராக இல்லாமல் ஒரு மருந்தின் அளவாக இருந்திருந்தால்?

அன்றைக்கே அப்பாயின்ட்மென்ட் நோட்டின் ஓரத்தில் குறிக்க ஆரம்பித்தேன். இரைச்சல் இருந்தால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் ஒரு வட்டம். மணிக்கு ஒருமுறை ரிசீவரை எடுத்துக் கேட்பேன், குறிப்பேன். எனக்கு மின்சாரம் தெரியாது. நான் படித்தது வரலாறு. ஆனால் கிழமையும் மணியும் எழுதி வைத்தால் எதுவும் கொஞ்சம் வழிக்கு வரும் என்பது அந்தப் படிப்பில் கற்றதுதான்.

இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை ஒன்பதரை வாக்கில் சத்தம் நின்றுவிடும். மதியம் ஒரு மணி, சில நாள் பன்னிரண்டரை வரைக்கும் வட்டம். அதன் பிறகு சாயங்காலம் வரை புள்ளி. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கப் புள்ளி.

முதலில் எக்ஸ்ரே மிஷின்மேல் சந்தேகப்பட்டேன். எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் எனக்கு மிஸ்டு கால் கொடுக்கும்படி எக்ஸ்ரே அறைப் பெண்ணிடம் சொன்னேன். ஒத்துப்போகவில்லை. அடுத்து ஏசி. எல்லாவற்றையும் செத்த நேரம் அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், வண்டு அப்படியே இருந்தது. வெயில்தான் காரணம் என்று ஒரு வாரம் நம்பினேன். மதியம் சூடு ஏறும்போது இரைகிறது, காலையில் இல்லை, கணக்கு சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகள் அதையும் கெடுத்தன. ஞாயிறு காலையில் மட்டும் திண்டுக்கல்லில் தனி வெயிலா அடிக்கிறது?

ஆனியில் ஒரு பத்து நாள் காலையிலும் வட்டமே விழவில்லை. எல்லாம் புள்ளி. முழங்கைக்குப் பயந்து நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேசுகிறவர்களிடம் எல்லாம் "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

பதினோராம் நாள் காலையில் எங்கள் துப்புரவு அக்கா வேலைக்குத் திரும்பி வந்தார். அவருக்கு சேவுகம்பட்டி. வத்தலக்குண்டு வந்து பஸ் மாறி எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்தார். ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்த சீனியை ஆளுக்கு ஒரு சிட்டிகை வாயில் போட்டு, "பொம்பளப் புள்ள. மூணு கிலோ இருக்கு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஒன்பதரை இருக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் போனில் இருந்தார். காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர், இடுப்பு பிடித்துவிட்டது, டாக்டரம்மா இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டுச் சத்தத்தில் அவர் குரல் மூழ்கி மூழ்கி வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே குழாயை மூடினாற்போல் சத்தம் நின்றது.

"ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா? திடீர்னு அமைதியாப் போச்சுங்களே" என்றார் அவர்.

அவருக்குப் பதினொன்றரைக்கு நேரம் கொடுத்துவிட்டு எழுந்தேன். இந்த நிமிஷத்தில் இந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது? பெட்டியைப் பார்த்தேன். அதன் அடியிலிருந்து ஒரு பச்சைக் கம்பி புறப்பட்டு, சுவரில் போட்ட ஓட்டை வழியாக வெளியே போயிற்று. பதினோரு வருஷமாக அது என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. வெளியே போனது எங்கே போகிறது என்று வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனேன்.

அங்கே சேவுகம்பட்டி அக்கா மாப்புகளைப் பிழிந்து கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பச்சைக் கம்பி சுவரோடு இறங்கி, அவர் காலடியில் இருந்த மண்ணுக்குள் போயிருந்தது. அந்த இடம் மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது.

"அக்கா, இங்கயா தண்ணி ஊத்துனீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "நான் எங்கயும் ஊத்தலயே."

"தெனமும் இங்கதான் ஊத்துவீங்களா?"

"யாரு சொன்னா? பாத்ரூம்லதான் ஊத்துறேன். அந்தப் புதுசா வந்த பொம்பள ஏதாச்சும் போட்டுக் குடுத்துச்சா?"

லீவு எடுத்துவிட்டு வந்த முதல் நாள். ரிசப்ஷனிலிருந்து ஆள் எழுந்து வந்து விசாரித்தால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள். கேள்வியை நான் கேட்ட விதம் தப்பு. பக்கத்தில் கிடந்த செங்கல்லில் உட்கார்ந்து, எறும்பு, வண்டு, புள்ளி, வட்டம், வீல்சேரில் போன ஆட்டு வியாபாரி எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டு வியாபாரி கதையில் அவர் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு உண்மையைச் சொன்னார். பினாயில் தண்ணீரைப் பாத்ரூமில்தான் கொட்டுகிறார். கடைசியாக மாப்பை அலசும் நல்ல தண்ணீரை மட்டும் இந்த மூலையில் ஊற்றுவார். மதியம் அவர் சாப்பிட உட்காருவது இங்கேதான், தண்ணீர் ஊற்றினால் புழுதி அடங்கும். லீவில் அவருக்குப் பதிலாக வந்தவர் எல்லாத் தண்ணீரையும் பாத்ரூமிலேயே கொட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு விடுமுறை.

"இதுக்கும் போனுக்கும் என்னம்மா இருக்கு?"

"தெரியலக்கா. மதியம் பாப்போம்."

இரண்டு மணிக்கு மண் காய்ந்துவிட்டது. இரைச்சலும் வந்துவிட்டது. அக்கா ஒரு மக்கில் தண்ணீரோடு பின்பக்கம் நின்றார். நான் ரிசீவரின் சுருள் வயரை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், "ஊத்துங்கக்கா" என்றேன். ஊற்றினார். நான்கைந்து நொடி. சத்தம் தேய்ந்து நின்றது. ஜன்னல் வழியாக ரிசீவரை நீட்டி அவர் காதிலும் வைத்தேன். அவர் கேட்டுவிட்டு மக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளா இந்த ஆஸ்பத்திரி போனை நாந்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேனா?"

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியன் பாயை வரவழைத்தேன். பேகம்பூரில் இருக்கிறவர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். எங்கள் கட்டடத்துக்கு வயரிங் செய்தது அவர்தான். என் நோட்டைக் காட்டினேன். புள்ளிகளையும் வட்டங்களையும் பொறுமையாகப் படித்தார். அக்கா தண்ணீர் ஊற்றும் கதையைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்த எடத்துல இனிமே யாரும் கால் வைக்க வேணாங்க்கா. மொதல்ல பெட்டிக்குக் கரண்ட்டை நிறுத்துவோம்."

நிறுத்திவிட்டு, கம்பி இறங்கிய இடத்தில் சின்னக் கடப்பாரையால் மெதுவாகத் தோண்டினார். நான்கு விரற்கடை ஆழத்தில் ஒரு இரும்புக் குழாயின் தலை தெரிந்தது. கம்பியைக் குழாயோடு பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கவ்வி துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது. கம்பியின் நுனி குழாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, சும்மா மண்ணில் கிடந்தது.

"பாத்தீங்களா? பெட்டியில கசியுற கரண்ட்டை மண்ணுக்குள்ள இறக்க வேண்டிய எர்த் கம்பி, எர்த்துக் குழாயத் தொடவே இல்ல. மண்ணு ஈரமா இருந்தா அந்தச் சேறு ரெண்டையும் ஒட்ட வைக்குது. காஞ்சா விட்டுப்போகுது. அப்பத்தான் எறும்பும் இரைச்சலும்."

அதன் பிறகு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் பிரித்தார். மூன்று பின் இருந்தது, உள்ளே வயர் இரண்டுதான் மாட்டியிருந்தது. எர்த் பின் வெறும் வேஷம்.

"நான் மூணு கம்பியும் இழுத்துத்தான் குடுத்தேன். இங்க வேணும்னே கழட்டிவிட்டிருக்காங்க."

நான் டெக்னீஷியனைச் செல்போனில் பிடித்து, பக்கத்தில் பாய் இருப்பதையும் வயர் விஷயத்தையும் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். "அது அப்படித்தான் பாய். போனுக்குத் தனி எர்த் குடுக்கணும். பில்டிங் எர்த்தோட சேத்தா இரைச்சல் வரும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் அவர்.

"தனியா குழி தோண்டுங்க தம்பி, வேணாங்கல. ஆனா அதையும் பில்டிங் எர்த்தையும் ஒரு கனமான கம்பியில சேத்துக் கட்டணும். கட்டாம வுட்டா இடி இறங்கும்போது என்னாகும்? போன் லைன்ல வர்றது ஒங்க குழாய்க்கு ஓடப் பாக்கும். கரண்ட் லைன் அந்தப் பக்கம் வேற எர்த்துல நிக்கும். ஒண்ணு எங்கயோ ஒசரத்துல, ஒண்ணு கீழ. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அடி வாங்குறது இந்தப் பெட்டிதான். ரெண்டும் சேந்திருந்தா எல்லாம் ஒண்ணாத்தான் ஏறும், ஒண்ணாத்தான் இறங்கும். நடுவுல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"மூணு தடவை எரிஞ்சது அதனாலயா?" என்று மெதுவாகக் கேட்டார் டெக்னீஷியன். நான் சித்திரையில் அவரைக் கேட்ட கேள்வியை இப்போது அவரே கேட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதை ஒரு பேஷன்ட் தொட்டா என்ன ஆகும்?"

"இன்னிக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் மேடம். உள்ள ஒரு கரண்ட் கம்பி விட்டுப்போய் தகரத்துல பட்டுச்சுன்னா எறும்பா இருக்காது. ஆளே போயிரும்" என்றார் பாய். இரும்பு உறை உள்ள எல்லா மிஷினையும் அன்றைக்கே பார்த்துவிடச் சொன்னார் டாக்டரம்மா.

பழைய இடத்தில் புதுக் குழி தோண்ட முடியவில்லை. நம் ஊர் மண் தெரிந்ததுதானே, இடுப்பளவு போனதும் பாறை. கடப்பாரை பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது. கடைசியில் கிழக்கு மூலையில், போர்வெல்லுக்குப் பக்கத்தில் மண் கொஞ்சம் ஆழமாக இருந்தது. அங்கே செம்புப் பூச்சுப் போட்ட கம்பியை இறக்கி, அதிலிருந்து மெயின் போர்டில் இருக்கும் எர்த் பட்டைக்குக் கனமான கம்பி இழுத்தார்கள். பெட்டியிலிருந்தும் அதே பட்டைக்கு ஒரு கம்பி. போன் லைன் உள்ளே நுழையும் இடத்தில் இருந்த இடிதாங்கிப் பெட்டிக்கும் அதே பட்டை. டெக்னீஷியன் தானே மதுரையிலிருந்து வந்து, பிளக்கில் மூன்றாவது வயரைத் தன் கையால் மாட்டினார். கம்பி வளைந்து நெளிந்து போகக்கூடாது, எவ்வளவு குட்டையாகப் போகிறதோ அவ்வளவு நல்லது என்று பாய் சொல்ல, அலங்காரமாகச் சுவரோரம் சுற்றிக்கொண்டு போன பழைய வயரைப் பிடுங்கிப்போட்டு நேராக இழுத்தார். இரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் பிறகு நடந்ததுதான். எர்த் அளக்க ஒரு மீட்டரை இரவல் வாங்கி வந்திருந்தார் பாய். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற பழைய பெட்டி. பக்கத்து காலிமனையில் தூரம் தூரமாக இரண்டு ஆணி அடித்து, அவற்றிலிருந்து வயர் இழுத்து வந்தார். நிலத்துக்குள் கரண்ட் எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று நிலத்தையே கேட்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. "நீங்க சுத்துங்கக்கா, நான் முள்ளைப் பாக்குறேன்" என்றார். சுற்றினேன். கை வலித்தது. முள் ஆடி ஆடி இரண்டுக்குக் கீழே வந்து நின்றது. "அருமை. கொறையக் கொறைய நல்லதுக்கா" என்றார். என்னையும் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் சுற்றினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பழைய குழாயையும் பிடுங்கிவிட்டு, பாறை தட்டிய குழியை மூடினார்கள். சேவுகம்பட்டி அக்கா ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இனி நான் இங்க தண்ணி ஊத்த வேண்டாமா?" என்று பாயிடம் கேட்டார்.

"புழுதிக்கு ஊத்துங்கம்மா. போனுக்கு வேணாம்."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குத் தோன்றியது. மதியம் சாப்பிடும்போது, "நாந்தான் போனை ஓட்டுறேன்னு நெனைக்க நல்லா இருந்துச்சு, கொஞ்ச நாளைக்கு" என்றார்.

ஐப்பசியில் ஒரு பகல், பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. இடிக்கும்போது ரிசீவரைக் காதில் வைக்க வேண்டாம் என்று பாய் சொல்லியிருந்தார், கீழே வைத்துவிட்டு மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவுக்கு அப்பால் எங்கோ விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்கவே தைரியம் இல்லை.

மழை விட்டு, இடிச் சத்தம் தாடிக்கொம்புப் பக்கம் தள்ளிப் போன பிறகு ரிசீவரை எடுத்தேன். ஒவ்வொரு அறையாகக் கூப்பிட்டேன். ஒன்று எடுத்தது. இரண்டு எடுத்தது. ஸ்கேன் அறை, ஆபரேஷன் தியேட்டர், மாடி வார்டு, கான்டீன். கடைசியாக மருந்துக்கடை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது முறை அடித்த பிறகு எடுத்தார்கள்.

"என்னக்கா, என்ன மருந்து வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ப்பா" என்றேன். "நான் பேசுறது நல்லாக் கேக்குதா?"

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது. ஏன்க்கா?"

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும். வாசலில் மழையில் நனைந்து நான்கு பேர் டோக்கனுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.